சிரிப்பு மேடை மீது விழுந்த சுத்தியல்

2025 மார்ச் 23 ஞாயிற்றுக்கிழமை இரவு. மும்பையில் பகத் சிங் நினைவு நாள் கூட்டத்தை முடித்துவிட்டுத் தோழர்கள் சிலர் தேநீர்க் கடையில் நின்றிருந்தோம். கைபேசிகளில் ஒரு காணொளி வந்து விழுந்தது. கார் என்ற புறநகர்ப் பகுதியில், ஒரு ஓட்டலுக்குள் இயங்கும் 'ஹேபிடட்' என்ற நகைச்சுவை அரங்கிற்குள் ஷிண்டே பிரிவு சிவசேனையினர் புகுந்து நாற்காலிகளையும் விளக்குகளையும் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே வேறொரு கலைஞரின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காணொளியைப் பார்த்த ஒரு மூத்த தோழர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பணக்காரப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் சிரித்துக்கொள்ளும் இடம். அவர்களுக்குள் சண்டை. நமக்கென்ன?"

அந்தத் தோழர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆலை வேலைநிறுத்தக் காலத்தைப் பார்த்தவர். ஆனால் அவருடைய கேள்வி தவறு என்பதே என் கருத்து. அன்று இரவு வாதாட நேரமில்லை. கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நடந்தது என்ன? குணால் காம்ரா என்ற ஸ்டாண்ட்-அப் கலைஞர் அந்த அரங்கில் முன்பே பதிவு செய்திருந்த 'நயா பாரத்' நிகழ்ச்சியை யூடியூபில் வெளியிட்டார். அதில் ஒரு பழைய இந்தித் திரைப்பாடலின் மெட்டில், பெயர் சொல்லாமல், துணை முதலமைச்சர் ஏகநாத் ஷிண்டேயைக் கட்சி மாறிய துரோகி என்று கேலி செய்திருந்தார். 2022 ஜூனில் சிவசேனை எவ்வாறு உடைக்கப்பட்டது, யார் யாரோடு போனார்கள் என்பது நாடறிந்த செய்தி. அதே 'துரோகி' என்ற சொல்லை உத்தவ் தாக்கரே தரப்பினர் எத்தனையோ மேடைகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த மேடைகள் உடைக்கப்படவில்லை. கட்சிக் கொடியும் தொண்டர் படையும் பின்னால் இல்லாத, ஒரு மைக்கும் ஒரு முக்காலியும் மட்டுமே உள்ள மேடைதான் உடைக்கப்பட்டது.

அரங்கை உடைத்தவர்களில் 12 பேர் மறுநாள் கைது செய்யப்பட்டார்கள். அன்றே பிணையில் வந்துவிட்டார்கள். கலைஞர் மீது சிவசேனை சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் புகாரில் வழக்குப் பதிவானது. அதே நாள் மும்பை மாநகராட்சி ஊழியர்கள் சுத்தியல்களோடு அந்த வளாகத்திற்கு வந்தார்கள். அனுமதியற்ற கட்டுமானமாம். பல ஆண்டுகளாக ஊரறிய இயங்கிவந்த ஓர் அரங்கின் கட்டுமானக் குறை, கும்பல் வந்துபோன மறுநாள் காலையில்தான் மாநகராட்சியின் கண்ணில் பட்டது. வீடுகளையும் கட்டடங்களையும் தண்டனையாக இடிக்கக் கூடாது, அறிவிக்கை கொடுத்து 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று தீர்ப்பளித்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. சுத்தியல் நமது சின்னத்தில் இருக்கும் கருவி. அது இப்படிப்பட்ட வேலைக்கு அனுப்பப்படுவதைப் பார்க்கையில் அதைத் தூக்கிவந்த தொழிலாளியின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றியது. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை.

ஷிண்டே என்ன சொன்னார்? ஒரு செயலுக்கு எதிர்ச்செயல் இருக்கும், பேச்சுக்கும் ஓர் அளவு வேண்டும் என்றார். இயற்பியல் விதியை அரசியல் விதியாக மாற்றும் இந்த வாக்கியம் இந்தியாவில் புதிதல்ல. 2002இல் குஜராத்திலும் இதைக் கேட்டோம். முதலமைச்சர் பட்னவிஸ், கலைஞர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். கலைஞர் மறுத்தார். தனக்கு மேடை தந்தது தவிர அந்த அரங்கிற்கு இதில் பங்கில்லை என்றும், பரிமாறிய கோழிக்கறி பிடிக்கவில்லை என்பதற்காகத் தக்காளி லாரியைக் கவிழ்ப்பது போன்றது இது என்றும் பதில் எழுதினார்.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. காம்ரா 2021 முதல் தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர். அதனால் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். மார்ச் 28 அன்று அவருக்கு இடைக்கால முன்பிணை கிடைத்தது. அதே மார்ச் 28 அன்றுதான், ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத் காவல்துறை போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குடியரசாகி 75 ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு கவிதையோ ஸ்டாண்ட்-அப் நகைச்சுவையோ சமூகங்களுக்கிடையே பகையை மூட்டிவிடும் என்று அஞ்சும் அளவுக்கு நமது அடித்தளம் ஆட்டங்கண்டதாக இருக்க முடியாது என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றமும் காம்ராவைக் கைது செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. நீதிமன்றங்கள் கலைஞரைக் காப்பாற்றின. ஆனால் அரங்கை யார் காப்பாற்றினார்கள்? தாக்குதலுக்குப் பின் அது கதவை மூடுவதாக அறிவித்தது. நுழைவாயிலில் டிக்கெட் கிழிப்பவர், ஒலி அமைப்பவர், தேநீர் கொண்டுவருபவர், இரவு பெருக்கிக் கழுவுபவர் எல்லோருக்கும் அது வேலை செய்யும் இடம். அவர்களில் யாரும் எந்த நகைச்சுவையையும் எழுதவில்லை.

இப்போது மூத்த தோழரின் கேள்விக்கு வருகிறேன். பணக்காரப் பிள்ளைகளின் இடம் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மும்பையில் ஸ்டாண்ட்-அப்புக்கென்றே அமைந்த பெரிய கிளப், லண்டன் 'காமெடி ஸ்டோர்' நிறுவனத்தின் கிளையாக 2010இல் தொடங்கியது. எங்கே? லோயர் பரேலில், பீனிக்ஸ் மில் வளாகத்தில் எழுந்த வணிக மாளிகையில். 1982 ஜனவரியில் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிய கிரண்காவ் மண் அது. ஆலைகள் மூடப்பட்டன, நிலம் அங்காடியானது, அங்காடியின் ஒரு மூலையில் சிரிப்பு விற்கப்பட்டது. இந்த வரலாறு தெரிந்த ஒருவருக்கு அங்கே சிரிப்பு வராததில் வியப்பில்லை.

ஆனால் அதே மண்ணின் இன்னொரு வரலாறும் உண்டு. அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், கவாண்கர் ஆகிய தோழர்கள் 1944இல் 'லால் பாவ்டா கலாபதக்' என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார்கள். அவர்கள் கையில் எடுத்த வடிவம் தமாஷா. மேட்டுக்குடியினர் ஆபாசம் என்று ஒதுக்கியிருந்த, தலித் கலைஞர்களின் உழைப்பில் வாழ்ந்த வடிவம். அதில் 'சோங்காட்யா' என்ற கோமாளி உண்டு. எழுதி வைத்த வசனம் இல்லாமல், அன்றைய நடப்பை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரிய மனிதனையும் அதிகாரியையும் வட்டிக்காரனையும் அங்கேயே கேலி செய்வது அவன் வேலை. கணபதி துதியில் தொடங்கும் மரபை மாற்றித் தாய்மண்ணை வணங்கித் தொடங்கினார் அண்ணாபாவ். சால் குடியிருப்புகளின் முற்றங்களிலும் ஆலை வாசல்களிலும் கூட்டம் கூடியது. சுதந்திரத்துக்குப் பின் பம்பாய் மாகாண அரசு அதற்குத் தடை விதித்தது; அண்ணாபாவ் அதையே 'லோகநாட்டியம்' என்று பெயர் மாற்றி நடத்தினார். தனியாக நின்று, மக்கள் முகம் பார்த்து, அதிகாரத்தைக் கேலி செய்வது லண்டனிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நாமே நம்பிவிட்டால், நமது சொத்தை நாமே விட்டுக்கொடுத்ததாகும்.

அரசுகள் இதை எப்போதும் மறக்கவில்லை. 1876இல் வெள்ளையர் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிகள் சட்டம், சுதந்திரம் பெற்று 70 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1954இல் வந்த நாடகச் சட்டம் எம்.ஆர்.ராதாவைக் குறிவைத்தது என்பதை அறியாதவர் இல்லை. ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தில் நாடகப் பிரதிக்கு முன்தணிக்கைச் சான்று வாங்கும் முறை இன்னும் இருக்கிறது.

இந்தூரை நினைவுபடுத்திக்கொள்வோம். 2021 ஜனவரி 1 அன்று அங்கே ஒரு சிறிய காஃபி விடுதியில் முனாவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சி. பாஜக சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் மகன் தன் ஆட்களோடு பார்வையாளராக வந்து உட்கார்ந்தார், நிகழ்ச்சியை நிறுத்தினார், கலைஞரையும் உடனிருந்தவர்களையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். மத உணர்வைப் புண்படுத்தியதாக 295ஏ பிரிவில் வழக்கு. 1927இல் வெள்ளையர் சேர்த்த பிரிவு அது. இன்று புதிய சட்டத்தில் 299 என்ற எண்ணோடு வாழ்கிறது. புண்படுத்தியதாகச் சொல்லப்பட்ட நகைச்சுவையை அவர் அன்றிரவு சொல்லவே இல்லை. சொல்லாத நகைச்சுவைக்காக ஐந்து வாரங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். கீழ் நீதிமன்றமும் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் பிணை மறுத்தன. பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தது. வெளியே வந்த பிறகும் ஊர் ஊராக நிகழ்ச்சிகள் ரத்து. அந்த ஆண்டு நவம்பரில் பெங்களூரு நிகழ்ச்சியும் நிறுத்தப்பட்டபோது, வெறுப்பு வென்றது, கலைஞன் தோற்றான் என்று எழுதினார். காம்ராவின் அரங்கை உடைத்தார்கள்; காம்ரா சிறைக்குப் போகவில்லை. ஃபரூக்கி ஒன்றும் சொல்லாமலே சிறைக்குப் போனார். இந்த வேறுபாட்டுக்கான காரணம் இருவரின் பெயரிலும் இருக்கிறது.

தேதிகளைப் பொருத்திப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஜனவரி 1 என்றால் நமக்கு வேறொரு நினைவு வருகிறது. 1989இல் அதே நாளில், காஜியாபாத்தை ஒட்டிய ஜந்தாபூரில், தொழிலாளர்கள் நடுவே 'ஹல்லா போல்' வீதி நாடகம் நடந்துகொண்டிருந்தபோது காங்கிரஸ் ஆதரவு பெற்ற குண்டர்கள் தாக்கினார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிரிழந்தார். அவருக்கு வயது 34. ஜனவரி 4 அன்று மாலாஸ்ரீயும் ஜனநாட்டிய மஞ்சின் தோழர்களும் அதே இடத்திற்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை முழுமையாக நடத்தி முடித்தார்கள். சஃப்தரின் உயிர்த்தியாகத்தையும் ஒரு யூடியூப் காணொளியையும் சமமாக வைக்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மேடையை உடைப்பவனின் கை ஒன்றுதான் என்கிறேன்.

இனி மறுபக்கம். சிரிப்பு என்பதாலேயே அது நம் பக்கம் ஆகிவிடாது. இதை மும்பைத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அரங்கை உடைத்த கட்சியின் நிறுவனர் பால் தாக்கரே ஒரு கேலிச்சித்திரக்காரர். 1960இல் 'மார்மிக்' என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல்களை அந்த இதழ் வெளியிட்டது. நமது மொழியின் ஓசை அங்கே கேலிப்பொருளானது. கேலி வளர்ந்து 1966இல் கட்சியானது, உடுப்பி ஓட்டல்கள் மீதும் தமிழர் குடியிருப்புகள் மீதும் கல்லானது. 1967இல் பரேலில் கம்யூனிஸ்ட் தொழிற்சங்க அலுவலகத்தைத் தாக்கியது. 1970 ஜூனில் சட்டமன்ற உறுப்பினர் தோழர் கிருஷ்ணா தேசாயின் உயிரைக் குடித்தது. கேலியில் பிறந்த கட்சி தன்மீது ஒரு கேலியைத் தாங்க முடியாமல் நாற்காலிகளை உடைக்கிறது என்பது வேடிக்கைதான். அதைவிட முக்கியம், எளியவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இந்த நகரமே சான்று.

ஆகவே காம்ராவின் பாடலிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஷிண்டே ஒரு காலத்தில் தாணேயில் ஆட்டோ ஓட்டியவர். அந்த ஆட்டோவும் பாடலில் வருகிறது. குறி கட்சித் தாவல் மீதுதான் என்றாலும், ஆட்டோ ஓட்டியது கேலிக்குரிய விஷயமாக ஏன் வர வேண்டும்? சேனைக்காரர்கள் உடனே ஆட்டோ தொழிலாளர்களின் மானம் பற்றிக் கண்ணீர் விடுவதற்கு அது வாய்ப்பளித்தது. இதைக் கலைஞரிடம் நாம் சொல்லலாம், எழுதலாம், கடுமையாகவே விமர்சிக்கலாம். மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த சில பிரபல கலைஞர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபோது அந்தக் கோபம் நியாயமாகவே பட்டது. ஆனால் அதோடு நில்லாமல், சமூக ஊடகப் பேச்சுக்கு வழிகாட்டு நெறிகளை வகுக்கும்படி ஒன்றிய அரசிடம் சொன்னது. கேலிக்கு எல்லை வரையும் பேனாவை, கேலிக்கு அதிகம் அஞ்சுபவர் கையிலேயே கொடுப்பது எப்படிச் சரியாகும்?

அந்தப் பேனா நம்மை நோக்கியும் நீளும். அரசைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று அரசே தீர்மானிக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவை 2023இல் மோடி அரசு கொண்டுவந்தது. எடிட்டர்ஸ் கில்டு உள்ளிட்டோர் எதிர்த்த அந்த விதியை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கின் முதல் மனுதாரர் பெயர் குணால் காம்ரா. நமது பத்திரிகை இன்று அச்சமின்றி வெளிவருவதில் ஒரு நகைச்சுவைக் கலைஞரின் மனுவுக்கும் பங்கு உண்டு. அரங்கு உடைக்கப்பட்ட நான்கே மாதத்தில், 2025 ஜூலையில், மகாராஷ்டிர சட்டமன்றம் சிறப்புப் பொதுப் பாதுகாப்பு மசோதாவை நிறைவேற்றியது. இடதுசாரி அமைப்புகளை ஒடுக்கவே வந்த அந்தச் சட்டத்தில், பேச்சும் சைகையும் படமும்கூடப் பொது ஒழுங்குக்குக் குந்தகம் ஆகலாம். அவையில் எழுந்து எதிர்த்தவர் மார்க்சிஸ்ட் கட்சியின் வினோத் நிகோலே ஒருவர்தான். மார்ச்சில் நாற்காலி, ஜூலையில் சட்டம். 'நமக்கென்ன' என்று கேட்ட தோழருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் செய்தித்தாளில் படித்தே எழுதிவிடக் கூடாது என்று ஓர் இரவு புறநகரில் உள்ள சிறிய கிளப் ஒன்றுக்குப் போனேன். உணவகத்தின் மாடி. ஐம்பது நாற்காலி இருக்கும். புதியவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசும் 'ஓபன் மைக்' இரவு. பேசுபவர்களுக்குக் கூலி கிடையாது. சிலர் மேடை ஏறவே பணம் கட்டியிருந்தார்கள். கலையின் பெயரால் நடக்கும் இந்த இலவச உழைப்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். இந்தி, மராத்தி, ஆங்கிலம் கலந்த பேச்சு. முதலில் வந்த இருவர் மனைவியைப் பற்றியும் மதராஸி உச்சரிப்பைப் பற்றியும் பேசினார்கள். நான் சிரிக்கவில்லை; நல்ல வேளையாக மற்றவர்களும் அதிகம் சிரிக்கவில்லை. பிறகு ஒரு பெண். வாடகை வீடு தேடிப் போனபோது தரகர் தன் குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ளப் பட்ட பாட்டை நடித்துக் காட்டினார். தலித் கலைஞர்கள் சிலர் 'ப்ளூ மெட்டீரியல்' என்ற பெயரில் சேர்ந்து இப்படி மேடையேறுவதைப் படித்திருக்கிறேன். நேரில் கேட்பது வேறு. அந்த அறையின் சிரிப்பில் பாதிக்கு மேல் கூச்சம் இருந்தது.

அடுத்து வந்த இளைஞர் பகலில் உணவு விநியோகம் செய்பவர். கூட்டத்தைப் பார்த்து, "உங்களில் பாதிப் பேருடைய கதவு எனக்குத் தெரியும். முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார். சரக்கு லிஃப்டில் ஏறி ஏறித் தன்னையே ஒரு சரக்கு என்று நினைக்கத் தொடங்கியதைப் பற்றி மூன்று நிமிடம் பேசினார். கிக் தொழிலாளர்களின் நிலை குறித்து நாம் வெளியிட்ட துண்டறிக்கைகளை நானும் எழுதியிருக்கிறேன். அந்த மூன்று நிமிடத்துக்கு அவை ஈடாகா.

கடைசியாக வந்தவர், "நம் நாட்டில் ஒரு பெரிய தலைவர் இருக்கிறார்" என்று தொடங்கினார். நிறுத்தினார். வாசலைப் பார்த்தார். முன்வரிசையில் யாராவது கைபேசியில் பதிவு செய்கிறார்களா என்று குனிந்து பார்த்தார். மறுபடி வாசலைப் பார்த்தார். "வேண்டாம், கிளப் முதலாளிக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள்" என்று சொல்லி மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். அன்றிரவின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் எழுந்தது. எனக்கு மட்டும் வயிற்றில் ஏதோ பிசைந்தது. கும்பல் ஒரு முறை வந்தால் போதும்; அதன் பிறகு அது வரத் தேவையில்லை.

நிகழ்ச்சி முடிந்து படியிறங்கும்போது அந்த விநியோகத் தொழிலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். பெரிய கிளப்புகள் அரசியல் வேண்டாம் என்கின்றன, சிறிய கிளப்புகள் பயப்படுகின்றன, ஓட்டல்காரர்கள் நேரடியாகவே மறுக்கிறார்கள் என்றார். எங்கள் தொழிற்சங்கக் கட்டடத்தில் ஒரு கூடம் இருக்கிறது, மாலையில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கிறது என்றேன். இதைப் பிறகு கிளைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு தோழர், "அங்கே வந்து நம்மையே கிண்டல் செய்தால்?" என்று கேட்டார். செய்யட்டுமே. ஆறு மணிக் கூட்டத்தை ஏழே காலுக்குத் தொடங்கி, வரவேற்புரைக்கே அரைமணி எடுத்துக்கொள்பவர்களைக் கிண்டல் செய்ய ஒருவர் ரயிலேறி வர வேண்டுமா என்ன? காவல்துறையோ சேனையோ வந்தால் வாசலில் நிற்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். தனி முதலாளியின் மாடியில் அது கிடையாது. மும்பையில் மட்டுமல்ல, டெல்லியிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் நமது சங்கங்களுக்கு இப்படிப்பட்ட கூடங்கள் உண்டு. மாதம் ஒரு மாலை திறந்துவிடுவதற்குப் பெரிய தீர்மானம் எதுவும் தேவையில்லை.

அந்த இளைஞர் ரயில் நிலையம் வரை உடன் வந்தார். மைக் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, கொஞ்சம் கரகரக்கும் என்றேன். நாற்காலி எத்தனை என்றார். அறுபது, அவற்றில் ஐந்தாறுக்குக் கால் ஆடும் என்றேன். ஆடும் நாற்காலிகளை முன்வரிசையில் போடச் சொன்னார்.